சட்டம் வந்தாச்சு, அமலுக்கு வந்தாச்சா? இந்தியா கோடும் இ-கெஜட்டும்: நாள்பட்ட பயன்பாட்டுக்குப் பிறகு

நண்பர் ஒருவர் போன வாரம் கேட்டது ஒரு வரிக் கேள்விதான்: “2023 தொலைத்தொடர்புச் சட்டம் இப்போ அமல்ல இருக்கா, இல்லையா?” இருக்கு என்றாலும் தப்பு, இல்லை என்றாலும் தப்பு. சட்டங்களின் வாசகத்தைத் தொகுத்து வைக்கும் இந்தியா கோட், மத்திய அரசிதழ் வெளியாகும் இ-கெஜட், நாடாளுமன்றத்தின் சன்சத் தளம் மூன்றையும் வருடக்கணக்கில் புரட்டுகிறவர்களுக்கு இந்த எரிச்சல் புதிதல்ல. சட்டத்தின் வாசகம் அரை நிமிடத்தில் கிடைக்கும். அது எந்தத் தேதியிலிருந்து செல்லும் என்று உறுதிசெய்ய அரை நாள் போய்விடும்.

வினை சட்டத்தின் 1ஆம் பிரிவிலேயே இருக்கிறது. அதன் (2) அல்லது (3)ஆம் உட்பிரிவைப் பாருங்கள்: மத்திய அரசு அறிவிக்கை வெளியிட்டுக் குறிக்கும் தேதியில் அமலுக்கு வரும், வெவ்வேறு பிரிவுகளுக்கு வெவ்வேறு தேதி குறிக்கலாம் என்று இருக்கும். அமல் தேதி பற்றி மூச்சே விடாத சட்டமாக இருந்தால் வேலை சுலபம். 1897ஆம் ஆண்டின் பொது உட்பிரிவுகள் சட்டம், 5ஆம் பிரிவின்படி குடியரசுத் தலைவர் ஒப்புதல் தந்த நாளே அமல் நாள். மற்றபடி அறிவிக்கையைத் தேடிக் கிளம்ப வேண்டியதுதான்.

இந்தியா கோடில் ஒவ்வொரு சட்டத்துக்கும் ‘அமலுக்கு வந்த தேதி’ என்று ஒரு கட்டம் உண்டு. ஒரே கட்டம், ஒரே தேதி. தொலைத்தொடர்புச் சட்டத்தை (2023இன் 44ஆம் எண் சட்டம்) இதில் எப்படி அடைப்பது? 1, 2, 10 முதல் 30, 42 முதல் 44, 46, 47, 50 முதல் 58, 61, 62 ஆகிய பிரிவுகள் 2024 ஜூன் 26 முதல். 6 முதல் 8, 48, 59(பி) ஆகியவை ஜூலை 5 முதல். 1885 தந்திச் சட்டத்தை நீக்கும் 60ஆம் பிரிவு இந்த இரண்டு பட்டியலிலும் இல்லை. ஆக, புதுச் சட்டத்தின் பாதி வந்த பிறகும் பழைய சட்டம் உயிரோடுதான் இருந்தது. அந்தக் கட்டத்தை மட்டும் பார்த்து ஆய்வேட்டில் தேதி எழுதுகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

பிரிவு ஒன்றே ஒன்று விடுபடுவதும் உண்டு. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா (2023இன் 45) 2024 ஜூலை 1இல் அமலுக்கு வந்தது என்று எல்லாரும் எழுதுகிறோம். 2024 பிப்ரவரி 23 தேதியிட்ட எஸ்.ஓ. (ஸ்டாச்சுட்டரி ஆர்டர்) 850(இ) அறிவிக்கையைத் திறந்து படித்தால்தான், வாகனம் மோதிவிட்டு ஓடுவது பற்றிய 106(2) மட்டும் அதில் விலக்கப்பட்டது தெரியும்.

இனி தேடும் முறை. அமல் அறிவிக்கை பெரும்பாலும் எஸ்.ஓ. எண்ணோடு, கெஜட்டின் பகுதி 2, பிரிவு 3, உட்பிரிவு (ii)இல் சிறப்பிதழாக வரும். விதிகள் என்றால் ஜி.எஸ்.ஆர். (ஜெனரல் ஸ்டாச்சுட்டரி ரூல்ஸ்) எண், உட்பிரிவு (i). சட்டம் பகுதி 2, பிரிவு 1. மசோதா பிரிவு 2. இ-கெஜட்டில் பொதுச் சொல்லைப் போட்டுத் தேடாதீர்கள். அமைச்சகம், துறை, பகுதி, தேதி வரம்பு என்று குறுக்கிக்கொண்டே போங்கள். எஸ்.ஓ. எண் ஒவ்வொரு ஆண்டும் 1இலிருந்து தொடங்கும். ஆண்டு இல்லாத எண்ணால் பயனில்லை. கோப்பைத் திறந்ததும் இந்திப் பக்கங்களைப் பார்த்து மூடிவிடவும் வேண்டாம், ஆங்கிலம் பின்பாதியில் இருக்கும்.

எதிர்பாராமல் கிடைத்த சந்தோஷம் கெஜட் அடையாள எண். நியாய சன்ஹிதாவின் எண் சிஜி-டிஎல்-இ-25122023-250883. மத்திய கெஜட், டெல்லி, சிறப்பிதழ், வெளியான தேதி, கடைசியில் வரிசை எண். அந்தக் கடைசி ஆறு இலக்கம்தான் தளத்தில் அந்தக் கோப்பின் பெயரும், ஆண்டுவாரியான உறைக்குள். அடிக்குறிப்பில் இணைய முகவரியை மட்டும் கொடுத்தால் நாளைக்கே செத்துப்போகலாம். மக்களவை, மாநிலங்களவைப் பழைய தளங்களின் முகவரிகளைக் கொடுத்தவர்களுக்கு, எல்லாம் சன்சத் தளத்துக்கு மாறியபோது அதுதான் நடந்தது. அடையாள எண்ணை எழுதிவைத்தால் முகவரி மாறினாலும் ஆவணத்தைப் பிடித்துவிடலாம்.

இந்தியா கோடின் அடிக்குறிப்புகளையும் பாராட்டத்தான் வேண்டும். எந்தத் திருத்தச் சட்டம் எந்தச் சொல்லை மாற்றியது, எந்த நாளிலிருந்து என்று வரிக்கு வரி இருக்கும். ஆனால் அது நாடாளுமன்றம் செய்ததன் பதிவு. நீதிமன்றம் செய்வதற்கு ஏற்ப வாசகம் மாறாது. இணையத்தில் புண்படுத்தும் செய்தி அனுப்புவதைக் குற்றமாக்கிய, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24இல் ரத்து செய்தது. அச்சிட்ட சட்ட நூல்களில் பிரிவு அப்படியே நிற்க, ரத்தான செய்தி அடிக்குறிப்பில் ஒதுங்கியதால் போலீசார் அதன்கீழ் வழக்குப் பதிந்தார்கள் என்று 2021இல் உச்ச நீதிமன்றத்திலேயே பேசப்பட்டது.

வராமலே போன அறிவிக்கைகள் தனிக் கதை. அரசியல் சட்டத்தின் 44ஆவது திருத்தம் 1978ஆம் ஆண்டினுடையது. தடுப்புக் காவல் பற்றிய அதன் 3ஆம் பிரிவு இன்னும் அமலாகவில்லை. டெல்லி வாடகைச் சட்டம் 1995இல் ஒப்புதல் பெற்றது, அமல் தேதி குறிக்கப்படவே இல்லை. ‘அறிவிக்கை இல்லை’ என்பதற்கு எந்தத் தளமும் சான்று தராது. தேடிக் கிடைக்காததுக்கும் இல்லாததுக்கும் வித்தியாசம் காட்ட ஒரு வழிதான்: சன்சத் தளத்தின் கேள்வி-பதில். மக்களவையில் ஒரு நாளைக்கு 230 வரை நட்சத்திரக் குறியில்லாக் கேள்விகள் (எழுத்தில் மட்டும் பதில் தரப்படுபவை) வருகின்றன. ‘இந்தச் சட்டம் எப்போது அமலாகும்’ என்று யாராவது ஒரு உறுப்பினர் கேட்டிருப்பார். அமைச்சகம், கூட்டத்தொடர் இரண்டையும் தேர்ந்துகொண்டு தலைப்புகளை ஓட்டிப் பாருங்கள். ‘தகவல் திரட்டப்பட்டு அவையில் வைக்கப்படும்’ என்று பதில் இருந்தால் அது அரசு அவைக்குத் தந்த வாக்காக, உறுதிமொழிக் கணக்கில் ஏறும். அதை நிறைவேற்ற மூன்று மாதக் கெடு. அப்புறம் உறுதிமொழிகள் பக்கத்தில் தேடணும்.

தமிழ்நாட்டு அரசிதழுக்கு வந்தால் சட்டங்கள் பகுதி 4, பிரிவு 2. யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் அடித்த கோப்பில் தமிழ்ச் சொல்லைத் தேடினால் ஒன்றும் சிக்காது. எண்ணையும் தேதியையும் வைத்துத்தான் பிடிக்கணும்.

மதிப்பெண் கேட்டால், இவ்வளவும் காசில்லாமல், பதிவுகூடச் செய்யாமல் கிடைப்பதற்கு ஐந்துக்கு நாலரை கொடுக்கணும். இன்றைக்கு இரண்டுதான் கொடுப்பேன். அந்த ஒற்றைக் கட்டத்தைப் பிரிவுவாரியாக உடைத்துப் போட்டிருந்தால் நண்பருக்கு நானே பதில் சொல்லியிருக்க வேண்டியதில்லை. அவருக்கு அனுப்பியது: இரண்டு அறிவிக்கைகளின் கோப்பு, பிரிவுகளின் பட்டியல், நான் சரிபார்த்த தேதி. அதற்குப் பிறகு மூன்றாவதாக ஒன்று வந்ததா என்பதை அவரேதான் பார்த்துக்கொள்ளணும்.