பத்தாயிரம் அனுப்பினேன், பில் கேட்டேன், பிளாக் பண்ணிவிட்டார்கள்

கொழும்பிலிருந்து நடத்தப்படும் ஒரு முகநூல் உதவிப் பக்கத்தோடு எனக்கு ஏற்பட்ட அனுபவம் இது. சாப்பாட்டுக் கடைக்கும் ஃபோன் கடைக்கும் ரிவியூ எழுதுகிறோம், காசு கேட்டு வாங்குகிற இவர்களுக்கும் எழுதத்தான் வேண்டும். பக்கத்தின் பெயரைப் போடவில்லை. அந்தப் பிள்ளையின் படம் இன்னும் அங்கே கிடக்கிறது, தேடிப் போய் யாரும் அதை மேலும் பகிர வேண்டாம். ஐந்து நட்சத்திரத்தில் ஒன்று கொடுப்பேன், அதுவும் கொஞ்சக் காசாவது அந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததற்காக.

மஹரகம அபேக்ஷா வைத்தியசாலையில் புற்றுநோய்ச் சிகிச்சை பெறும் ஆறு வயதுப் பையன், வெள்ளிக்கிழமைக்குள் 18 இலட்சம் வேண்டும், இல்லாவிட்டால் பிள்ளை இல்லை. பதிவில் இவ்வளவுதான் இருந்தது. கொட்டாஞ்சேனையில் வீட்டு வாசலில் நின்றபடியே ஃபோனில் 10,000 ரூபாய் அனுப்பினேன், ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. கணக்கு தகப்பனின் பெயரிலோ தாயின் பெயரிலோ இல்லை, பக்கத்தை நடத்துகிறவரின் சொந்தப் பெயரில் இருந்தது. அதைக் கண்டேன், ஆனால் பிள்ளையின் முகத்தைப் பார்த்த பிறகு கணக்கு யாருடையது என்று யோசிக்க மனம் வரவில்லை.

மூன்று வாரம் கழித்து அதே படம், "இன்னும் 12 இலட்சம் தேவை" என்று. அப்படியென்றால் வந்தது 6 இலட்சம். ஆனால் கீழே கமெண்டில் சனம் போட்டிருந்த வங்கி ஸ்லிப்புகளை நான் ஒரு கடதாசியில் எழுதிக் கூட்டிப் பார்த்தேன், ரூபாயில் அனுப்பியவை மட்டுமே 7 இலட்சத்து 40 ஆயிரம் வந்தது. லண்டன், டொரொண்டோ, டுபாய் காசெல்லாம் அதில் சேராது, ஸ்லிப் போடாமல் அனுப்பியவர்களும் சேராது. அதற்குள் 500 ரூபாய் ஸ்லிப் ஒன்று, "என் உண்டியல் காசு" என்று எழுதியிருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் இன்பொக்ஸில் கேட்டேன்: தம்பி, ஆஸ்பத்திரி பில் இருந்தால் ஒரு படம் அனுப்புவீர்களா?

வந்தது பில் இல்லை, பிஆர் பிரதியொன்று. "நாங்க பதிஞ்சு செய்றம் அக்கா." பிஆர் என்பது வியாபாரப் பெயர்ப் பதிவு. சில்லறைக் கடை திறக்கிறவரும் எடுப்பது அதைத்தான், தருமக் காசு சேர்க்க அது அனுமதி இல்லை. தொண்டு நிறுவனங்களைப் பதிவுசெய்து மேற்பார்வை பார்ப்பதற்கு 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டம் தனியாக இருக்கிறது, அரச சார்பற்ற நிறுவனங்களுக்கான தேசிய செயலகமும் இருக்கிறது. அந்தப் பதிவு இலக்கம் இருந்தால் தாருங்கள் என்று கேட்டதும், "நம்பிக்கை இல்லாதவங்க போட வேணாம்" என்று ஒரு வரி, அப்புறம் பிளாக்.

என் தம்பியின் கணக்கில் போய் அதே பக்கத்தைத் திறந்தோம். முகநூலில் எந்தப் பக்கத்துக்கும் அதன் விபரம் என்ற பகுதிக்குள் போனால் எப்போது தொடங்கியது, முன்பு என்ன பெயர் இருந்தது என்று பார்க்கலாம். போன வருடம் வரைக்கும் அது ஃபோன் கவர் விற்கிற பக்கம். சேர்ந்திருந்த ஆட்களை அப்படியே வைத்துக்கொண்டு பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள்.

பிள்ளையே பொய்யோ என்ற பயம் எனக்கு வந்துவிட்டது. என்னோடு வேலை செய்யும் ஒருவரின் சொந்தக்காரர் அதே வார்டில் பிள்ளையோடு நிற்கிறார் என்று தெரிந்ததும், அவர் மூலமாகக் கேட்டுவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை புறக்கோட்டையில் 138 பஸ் ஏறிப் போனேன். பிள்ளை உண்மை. ஹட்டன் பக்கத்துத் தோட்டத்துக் குடும்பம், தாய்க்கு என்னைவிட எப்படியும் பத்து வயது குறைவு. நான் 18 இலட்சம் என்றதும் அவருக்கு விளங்கவில்லை. "யாருக்கு அக்கா அவ்வளவு? டொக்டர் எங்ககிட்ட காசே கேக்கலியே."

அரச ஆஸ்பத்திரியில் சிகிச்சை இலவசம் என்பது நம் எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் இப்படியொரு பதிவைக் கண்டால் மறந்துவிடுகிறோம். அவர்களுக்குச் செலவு இருந்தது, அதை அவர்கள் எழுதியும் வைத்திருந்தார்கள். தாய் ஷொப்பிங் பையிலிருந்து கிளினிக் கொப்பியோடு சேர்த்து ஒரு சின்னக் கொப்பியை எடுத்தார். தகப்பன் பென்சிலால் எழுதியது: பஸ், வெளியில் செய்த ஸ்கேன், ஆஸ்பத்திரியில் முடிந்துபோய் வெளியே பார்மசியில் வாங்கிய மருந்து, தங்கிய அறை வாடகை, வேலைக்குப் போகாத நாட்கள். ஓரத்தில் வரவு என்று கோடு போட்டு, "வீடியோ அண்ணாமார் 60,000" என்று திகதியோடு இருந்தது. அதுதான் வந்தது மொத்தமும். கொடுக்கும்போது எடுத்த வீடியோவில் முதல் தரம் தாய் அழவில்லையாம். "திரும்ப ஒருக்கா வாங்குங்கன்னு சொன்னாங்க அக்கா, கவரைத் திருப்பிக் குடுத்துட்டு மறுபடி வாங்கினேன்." இதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, பிள்ளையின் போர்வையைச் சரிசெய்துகொண்டிருந்தார். இதையெல்லாம் எழுதலாமா என்று கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

மிச்சக் காசு எங்கே என்று தம்பி தன் கணக்கிலிருந்து கேட்டான். வேறு நோயாளிகளுக்கும் கொடுத்தார்களாம், பெற்றோல், எடிட்டிங், பதிவை பூஸ்ட் பண்ண முகநூலுக்குக் கட்டியது என்றும் சொன்னார்கள். செலவு இருக்கும், அதை நான் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு பிள்ளையின் படத்தைக் காட்டி, அந்தப் பிள்ளைக்கு என்று சொல்லி வாங்கிய காசை வேறு எதற்குக் கொடுப்பதென்றாலும் அதை முதலே சொல்லியிருக்க வேண்டும். இதே வீடியோ அவர்களுடைய யூடியூப் சானலிலும் விளம்பரத்தோடு ஓடுகிறது. நீள வீடியோக்களின் விளம்பர வருமானத்தில் 55 வீதம் சானல்காரருக்குப் போகும். அந்தத் தாயின் கண்ணீருக்கு வருகிற அந்தக் காசு எந்தக் கணக்கிலும் இல்லை.

சேர்த்த காசு எங்கே போனது என்று கண்ணால் பார்க்கக்கூடிய வேலைகளும் இந்த நாட்டில் நடந்திருக்கின்றன. 2011இல் தெய்வேந்திர முனையிலிருந்து பருத்தித்துறை வரைக்கும் நடந்து காசு சேர்த்தார்கள், தெல்லிப்பழைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்காக. 2016இல் மறுபடி, இந்த முறை வடக்கிலிருந்து தெற்குக்கு, காலி கராப்பிட்டிய ஆஸ்பத்திரிக்கு. என் பெரியம்மா தெல்லிப்பழையில்தான் மருந்து ஏற்றினார், அந்தக் கட்டடத்துக்குள் நான் நடந்திருக்கிறேன்.

தனியார் ஆஸ்பத்திரியில் இருதய ஒபரேஷனுக்கு உண்மையாகவே இலட்சக்கணக்கில் தேவைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள், அரச ஆஸ்பத்திரிப் பட்டியலில் காத்திருக்க நேரமில்லாதவர்கள். அவர்களுக்கு நான் இனியும் கொடுப்பேன், ஆனால் ஆஸ்பத்திரி தந்த எஸ்டிமேட்டைப் பார்த்துவிட்டு, நோயாளியின் பெயரில் ஆஸ்பத்திரிக்கே கட்டுவேன், அல்லது பெற்றோரின் கணக்குக்கு. வெளிநாட்டில் இருக்கிற சொந்தங்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: கோஃபண்ட்மீ என்ற காசு சேர்க்கும் இணையத்தளத்தில் இலங்கையில் இருக்கிறவர் நேரடியாகக் காசு எடுக்க முடியாது, அங்கே இருக்கிற ஒருவரின் கணக்குக்குத்தான் முதலில் போகும். அந்த ஒருவர் யார் என்று கேட்டுவிட்டுப் போடுங்கள். ஜனாதிபதி நிதியத்திலும் மருத்துவ உதவி கிடைக்கும், விண்ணப்பத்தை இப்போது பிரதேச செயலகத்திலேயே கொடுக்கலாம். ஹட்டன் குடும்பத்துக்கு அதை ஒருவரும் சொல்லியிருக்கவில்லை, அந்த முகநூல் பக்கத்துக்காரர்களும் சொல்லவில்லை. படிவத்தை நான் எடுத்துக்கொண்டுபோய்க் கொடுத்தேன்.

தாய்க்கு இப்போது வேண்டியது காசுகூட இல்லை, அந்த வீடியோவைப் பக்கத்திலிருந்து நீக்கிவிட வேண்டும், நாளைக்குப் பிள்ளை பள்ளிக்கூடம் போனால் மற்றப் பிள்ளைகள் பார்ப்பார்கள் என்கிறார். மூன்று தரம் எழுதிவிட்டோம், முகநூலுக்கு ரிப்போர்ட்டும் பண்ணியாயிற்று. நேற்று இரவு பார்த்தேன், அப்படியே இருக்கிறது, கீழே யாரோ புதிதாக ஒரு ஸ்லிப் போட்டிருக்கிறார்கள், 2,000 ரூபாய்.