மட்டக்களப்பில் பழைய பார்பி வாங்குவோர் கவனத்திற்கு: கோட்டைமுனைக் கடை ஒன்று பற்றிய மதிப்பீடு

கோட்டைமுனையில் பழைய வானொலிகளுக்கும் சுவர்க்கடிகாரங்களுக்கும் நடுவே பார்பி பொம்மைகளை விற்கும் ஒரு சிறிய கடை இருக்கிறது. இலண்டனிலும் ரொறொன்ரோவிலும் உள்ள உறவினர்கள் ஒரு காலத்தில் அனுப்பிவைத்தவை, பிள்ளைகள் வளர்ந்த பிறகு இங்கே வந்து சேர்ந்திருக்கின்றன. மூன்று தடவை சென்று, பதினொரு பொம்மைகளைக் கையில் எடுத்துப் பார்த்த பின்னரே இதை எழுதுகிறேன்.

கடையின் பெரிய குறை, விலைச்சீட்டில் எழுதப்படும் ஆண்டு. இடுப்பின் பின்புறத்தில் 1966 என்று பொறித்த ஒவ்வொரு பொம்மையும் 1966ஆம் ஆண்டுப் பொம்மையாகவே விலையிடப்பட்டிருக்கிறது. "ஆண்டு அதிலேயே இருக்குதே, மகள்" என்று கடைக்கார ஐயா நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். ஆனால் அது அந்த உடலமைப்புக்கு உரிமை கோரப்பட்ட ஆண்டே தவிர, பொம்மை தொழிற்சாலையை விட்டு வெளிவந்த ஆண்டு அன்று; பிற்காலத்தில் வந்த எத்தனையோ பொம்மைகளிலும் அதே எண் தொடர்ந்து பொறிக்கப்பட்டது. நான் பார்த்த ஒன்றின் தலையை மெல்லச் சாய்த்தபோது கழுத்து விளிம்பில் 1976 என்ற எண் தெரிந்தது. பற்கள் தெரியச் சிரிக்கும் அந்த முகம் 1977இல் சூப்பர்ஸ்டார் பார்பியோடு வந்தது.

ஆண்டைவிட, அதன் அருகில் பொறித்திருக்கும் தயாரிப்பு நாட்டின் பெயரே அதிகம் பேசும். தொடக்ககாலப் பொம்மைகள் யப்பானில் செய்யப்பட்டவை. 1970களில் தாய்வான், ஹொங்கொங் ஆகியவற்றின் பெயர்களும், பின்னர் பிலிப்பைன்ஸ், மலேசியா, சீனா ஆகியவற்றின் பெயர்களும் வருகின்றன. ஒரே மாதிரிப் பொம்மை இரண்டு நாடுகளில் செய்யப்பட்டிருந்தால் உதட்டு நிறமும் முடியின் தன்மையும் வேறுபடலாம். பழைய முகங்களில் கண்ணும் உதடும் வெட்டுத்தகடு வைத்துச் சாயம் தெளிக்கப்பட்டவை என்பதால், தகடு சற்றே விலகியிருந்தாலும் ஒரு கண் மேலேறி நிற்கும்; அதைப் பின்னாளில் யாரோ பூசிய சாயம் என்று ஒதுக்கிவிடக் கூடாது. அதுபோல, தலையின் நிறமும் உடலின் நிறமும் ஒத்துப்போகாதது மட்டுமே தலை மாற்றப்பட்டதற்குச் சான்றாகாது. தலை மென்மையான வினைல், உடல் கடினமான பிளாஸ்டிக். இரண்டும் ஒரே விதமாக முதுமையடைவதில்லை.

1959ஆம் ஆண்டின் முதற்பொம்மை இக்கடையில் இல்லை. யாரேனும் வேறிடத்தில் தருவதாகச் சொன்னால் முதலில் பாதங்களைப் பாருங்கள்: தாங்கியில் நிறுத்துவதற்காக, செப்புக் குழாய் பொருத்திய துளைகள் இருக்க வேண்டும். கருவிழியும் வெள்ளையாக இருக்கும். நீல விழி 1960இல்தான் வந்தது.

காதோரம் பச்சை படிந்த பொம்மை ஒன்றையும் பார்த்தேன். காதணியின் உலோகம் அரித்து வினைலுக்குள் ஊறியதால் வந்த கறை அது; எங்கள் வாவிக் காற்றின் ஈரத்தில் இன்னும் விரைவாகப் பரவும். அந்தக் காதணிகளைக் கழற்றி வைக்குமாறு ஐயாவிடம் கேட்டுக்கொண்டேன், உடனே கழற்றினார்.

இக்கடையை நான் பரிந்துரைக்கக் காரணம் அவரது பொறுமை. உடையை அகற்றி, வாசல் வெளிச்சத்தில் அரைமணி நேரம் பார்க்கவும் அனுமதிக்கிறார். 1976 எண்ணைக் காட்டியபோது முகம் கோணாமல் சீட்டைத் திருத்தி, 9,000 ரூபாய் சொன்ன பொம்மையை 5,500 ரூபாய்க்குத் தந்தார். கடைக்குள் வெளிச்சம் போதாது. உருப்பெருக்கிக் கண்ணாடியோடு காலையிலேயே செல்லுங்கள்.