இ.எஸ்.ஐ. ஃபைலா, ஆணையர் ஃபைலா: ஒரு எக்ஸ்ரே டெக்னீஷியனின் காகிதக் கட்டு

மச்சானுக்கு எலும்பு மஜ்ஜையில் கோளாறு என்று ரிப்போர்ட் வந்ததுமே, இழப்பீடு வாங்க ஆளாளுக்கு வழி சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். "இ.எஸ்.ஐ.க்குப் போங்க, மாசாமாசம் வரும்" என்றார் அஸ்தம்பட்டிக்காரர் ஒருவர். "வக்கீலப் புடிச்சு ஆணையர்கிட்ட போடுங்க, மொத்தமா வரும்" என்றார் இன்னொருவர். முன்னது சம்பளத்தில் பிடித்து நடக்கும் தொழிலாளர் காப்பீட்டுத் திட்டம்; பின்னது முதலாளியிடமிருந்து பணம் வாங்கித் தரும் தொழிலாளர் இழப்பீட்டு ஆணையர். இருபது வருஷம் எக்ஸ்ரே அறையிலேயே நின்றவர் மச்சான். சம்பள ரசீது எதுவும் கையில் இல்லாததால் இ.எஸ்.ஐ. பிடித்தம் உண்டா என்றே தெரியவில்லை; அதனால் முதலில் இரண்டு வழிக்குமே காகிதம் சேர்த்தோம்.

சேர்த்த பிறகுதான் தெரிந்தது, பெரும்பாலோருக்கு இதில் தேர்ந்தெடுக்க ஒன்றுமே இல்லை. இ.எஸ்.ஐ.யில் உரிமை உள்ளவர் அதே நோய்க்கு முதலாளியிடம் தனியாக இழப்பீடு கேட்க முடியாது. இ.எஸ்.ஐ. பொருந்தாத இடத்தில் வேலை பார்ப்பவர், சம்பளம் 21,000 ரூபாயைத் தாண்டியதால் திட்டத்துக்கு வெளியே இருப்பவர், இவர்களுக்குத்தான் ஆணையர் வழி. இதை முதல் நாளே சொல்ல வக்கீலைப் பிடிக்கச் சொன்னவருக்கு மனசு வரவில்லை.

பணக் கணக்கு என்ன? 45 வயது, சம்பளம் 18,000, சம்பாதிக்கும் திறனில் 40 சதவீத இழப்பு என்று வைத்துக்கொள்வோம். இ.எஸ்.ஐ.யில் சம்பளத்தின் 90 சதவீதத்தில் அந்த 40 சதவீதம், அதாவது மாதம் சுமார் 6,480 ரூபாய், ஆயுள் முழுக்க. ஆணையரிடம் சம்பளத்தை 15,000 வரைதான் எடுத்துக்கொள்வார்கள். அதில் 60 சதவீதத்தை அந்த வயதுக்குச் சட்ட அட்டவணை தரும் 169.44-ஆல் பெருக்கி, 40 சதவீதம் எடுத்தால் சுமார் 6.10 லட்சம். எட்டு வருஷத்துக்குள் மாதப் பணம் இதை முந்திவிடும். கடன்காரன் வாசலில் நின்றால் மட்டும் மொத்தப் பணம் இனிக்கும்.

காகித வேலையிலும் இ.எஸ்.ஐ.தான் லேசு. வேலை, சம்பளம் இரண்டுக்கும் பிடித்தப் பதிவே சாட்சி. ஆணையரிடம் அத்தனையையும் நாம்தான் காட்ட வேண்டும். நியமனக் கடிதத்தைத் தேடி எடுத்தால், அதில் 'ஆபீஸ் உதவியாளர்' என்று போட்டிருந்தது! கடைசியில் அறை டியூட்டி சார்ட்டின் ஜெராக்ஸ்தான் கைகொடுத்தது. இது ஏன் முக்கியம் என்றால், எக்ஸ்ரே போன்ற அயனியாக்கும் கதிர்வீச்சால் வரும் நோய்கள் தொழில்நோய்ப் பட்டியலில் இருக்கின்றன. அந்த வேலையில் தொடர்ந்து ஆறு மாதம் இருந்தால், மாறாக நிரூபிக்கப்படாத வரை நோய் வேலையால் வந்தது என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். இரண்டு வழிக்கும் இது பொது.

அப்புறம் டி.எல்.டி. பேட்ஜ், அதாவது உடம்பில் படும் கதிர்வீச்சை அளக்க மாட்டிக்கொள்ளும் அட்டை. எந்த வழியில் போனாலும் கேள்வி முதலில் இங்கேதான் வரும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றி ஆய்வகத்துக்கு அனுப்பும் அந்தச் சின்ன அட்டையின் கணக்கு நிறுவனத்துக்குப் போகிறது. 2004-ஆம் ஆண்டு கதிர்வீச்சுப் பாதுகாப்பு விதிகளின்படி தொழிலாளி கேட்டால் அதைக் கொடுத்தாக வேண்டும். வாயால் கேட்டபோது "பார்க்கலாம்" என்றார்கள். பதிவுத் தபாலில் கேட்டதும் பத்தாம் நாள் கையில் கிடைத்தது. பேட்ஜ் எண் ஆளோடு சேர்ந்தது, வேலை மாறினாலும் அதே எண்தான். பழைய இடத்துக் கணக்கையும் அதை வைத்தே கேட்கலாம்.

தொழிலாளி மேல் படலாம் என்கிற கதிர்வீச்சு வரம்பு, ஐந்து வருஷ சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் (கதிர்வீச்சை அளக்கும் அலகு). எந்த ஒரு வருஷத்திலும் 30-ஐத் தாண்டக் கூடாது. மச்சானின் தாளில் இரண்டு காலாண்டுகள் பூஜ்யம். அந்த ஆறு மாதமும் அவர் லீவே போடவில்லை. கேட்டால் தலையைச் சொறிகிறார்: காரீய ஏப்ரனைக் கழற்றும்போது பேட்ஜும் அதோடு போய் ஆபீஸ் அறைக் கொக்கியில் தொங்குமாம், மறுபடி மாட்ட ஞாபகம் இருக்காதாம். கதிர் படாத இடத்தில் தொங்கினால் பூஜ்யம்தானே வரும்!

மச்சானின் இ.எஸ்.ஐ. காப்பீட்டு எண்ணான ஐ.பி. நம்பர் கிடைத்து இ.எஸ்.ஐ.யில்தான் கொடுத்தோம். அந்த இரண்டு காலாண்டு டியூட்டி சார்ட்டைத் தனியாகப் பின் பண்ணி, பேட்ஜ் எங்கே தொங்கியது என்று ஒரு பக்கம் எழுதி, மேலேயே வைத்தோம். எழுதியது நான், கையெழுத்து அவர்.