கோபியில் கிடைக்கும் ஓட்ஸ் உருண்டை

கோபிசெட்டிபாளையம் கடைவீதியில் ஒரு சிறு கடையில் இதை வாங்கினேன். பாகு காய்ச்சுவதில்லை. வறுத்த ஓட்ஸையும் நிலக்கடலையையும் கொட்டை நீக்கிய பேரீச்சம்பழத்தோடு இடித்து உருட்டுகிறார்கள். பழத்தின் பசையே எல்லாவற்றையும் சேர்த்துப் பிடித்துக்கொள்கிறது. ஓட்ஸை மாவாக்காமல் ஒன்றிரண்டாக விட்டிருப்பதுதான் இதன் உயிர். மெல்ல மெல்லக் கடலை வாசம் எழுகிறது, நடுநடுவே உலர் அத்தியின் விதைகள் நறநறக்கின்றன. எனக்கு மிகவும் பிடித்துவிட்டது.

மேலே கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரை தூவுகிறார்கள். பழனி பஞ்சாமிர்தத்துக்கே போகும் நல்ல சரக்கு. ஆனாலும் பேரீச்சை இனிப்புக்கு மேல் அது திகட்டுகிறது. தூவாமல் கேளுங்கள், தருகிறார்கள். முந்திரி போட்ட வகை சுமார். டப்பாவை இறுக மூடாவிட்டால் மழைநாளில் நசநசத்துவிடும். வீட்டில் செய்வதானால் ஓட்ஸை நன்றாக ஆறவிட்டு இடியுங்கள்.