‘குளிர்காலக் கோதுமை’ விதை விற்கிறார்கள், ஏமாறாதீர்கள்

ஓசூர் பக்கம் எங்களுக்கு 20 சென்ட் நிலம் இருக்கிறது. வழக்கமாகக் கேழ்வரகுதான் போடுவோம். என் மனைவி வீட்டிலேயே ரொட்டி சுட்டு விற்பதால், போன வருடம் சொந்தக் கோதுமை விளைவிக்க ஆசைப்பட்டோம். இணையத்தில் விற்கும் ஒருவர், “ஐரோப்பியக் குளிர்கால ரகம், துருநோய் அண்டாது, மாவு நன்றாக உப்பும்” என்றார். மாதிரிக்கு அனுப்பிய அரைக் கிலோ மாவில் ரொட்டி அருமையாக வந்தது. அதை நம்பி, கிலோ 450 ரூபாய்க்கு 8 கிலோ விதை வாங்கினோம்.

கார்த்திகையில் விதைத்தோம். நன்றாக முளைத்தது, தூரும் கட்டியது. அதோடு சரி. மூன்று மாதம் கழித்தும் புல் மாதிரி தரையோடு படர்ந்து கிடந்தது. ஒரு கதிர்கூட வரவில்லை.

காரணத்தை அப்புறம்தான் தெரிந்துகொண்டேன். உண்மையான குளிர்கால ரகம் இளம்பயிராக இருக்கும்போது பல வாரம் கடுங்குளிரில், ஏறக்குறைய 0 முதல் 8 டிகிரிக்குள், இருந்தால்தான் கதிருக்குத் தயாராகும். ஓசூரில் மார்கழி இரவில்கூட 10 டிகிரிக்குக் கீழே போவது அபூர்வம். பஞ்சாபிலும் குளிர்காலத்தில்தானே கோதுமை போடுகிறார்கள் என்று கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். அங்கே விதைப்பது அந்தக் குளிர் தேவைப்படாத வேறு வகை. விற்றவர் இந்த இரண்டையும் ஒன்று என்றே சொல்லி விற்றார்.

துருநோயும் வந்தது. இலையில் செம்பழுப்புப் பொடி, தடவினால் விரலில் ஒட்டியது. துருப் பூஞ்சையில் பல இனங்கள் உண்டு. ஓர் ஊரின் இனத்தைத் தாங்கும் ரகம் இன்னோர் ஊரில் விழுந்துவிடலாம். நம் மலைகளின் துருவைத் தாங்கும் ரகங்களுக்காகவே குன்னூர் வெலிங்டனில் 1954 முதல் இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் நிலையம் இருக்கிறது. முதலில் அங்கே விசாரித்திருக்க வேண்டும்.

விற்றவரைக் கூப்பிட்டால், “உங்க மண்ணு சரியில்ல சார்” என்றார். பணம் திரும்பவில்லை. பையைத் திருப்பிப் பார்த்தேன். சான்று விதைக்குரிய நீல அட்டை இல்லை, எந்தத் தொகுப்பு விதை என்று காட்டும் குவியல் எண் இல்லை, முளைப்புத்திறன் சதவீதமும் இல்லை. வாங்கும்போதே பார்த்திருக்கலாம். மாதிரி மாவு அந்த விதையில் விளைந்ததுதானா என்பதற்கும் ஆதாரம் கேட்கவில்லை.

பயிரை அறுத்து மாட்டுக்குப் போட்டுவிட்டோம். பையையும் மீதி விதையையும் ரசீதோடு வைத்து விதை ஆய்வாளரிடம் புகார் கொடுத்திருக்கிறேன். இதே விதையை வாங்கியவர்கள் பையைத் தூக்கிப் போடாதீர்கள்.