கொழும்பு வெப் மாநாட்டுக்குப் போவதா, மட்டக்களப்பில் இருந்தே பார்ப்பதா?

வெப் டெவலப்பர் மாநாடு ஒன்றுக்கு டிக்கெட் விற்கத் தொடங்கினால் மட்டக்களப்பு, கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கத்து வட்ஸ்அப் குழுக்களில் ஒரே கேள்விதான் சுற்றும். உரையெல்லாம் பிறகு யூடியூப்பில் வரும்தானே, ஏன் காசைச் செலவழித்துக்கொண்டு கொழும்புக்குப் போகவேணும்? நியாயமான கேள்வி. நாங்கள் நேரில் போவதைத் தெரிந்தெடுத்தவர்கள், ஆகவே இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும். ஆனாலும் உரை கேட்பதற்காகப் போங்கள் என்று சொல்லமாட்டோம்.

உரைகளைப் பொறுத்தவரை வீடுதான் வெல்லும், அதில் இழுபறியே இல்லை. 2009இல் பெர்லினில் நடந்த ஜேஎஸ்கொன்ஃப் ஈயூ மாநாட்டில் ரயன் டால், ஜாவாஸ்கிரிப்டைப் பிரவுசருக்கு வெளியே ஓட்டும் நோட்.ஜேஎஸ்ஸை அறிமுகப்படுத்திய உரையும், 2018இல் அதே மாநாட்டில் நோடில் தனக்கு இருந்த மனவருத்தங்களை அடுக்கிவிட்டு, அதற்கு மாற்றாகத் தான் செய்த டெனோவைக் காட்டிய உரையும் இன்றும் இலவசமாகப் பார்க்கக் கிடைக்கின்றன. 2013இல் ஜேஎஸ்கொன்ஃப் யூஎஸ்ஸில், பக்கத்தின் இடைமுகத்தைக் கட்ட உதவும் ரியாக்ட் வெளிவந்தபோது, ஜாவாஸ்கிரிப்டுக்குள் எச்டிஎம்எல் மாதிரி எழுதுவதா என்று பலர் முகம் சுளித்தார்கள். அன்றைக்கே கேட்டவருக்கும் ஒரு வருடம் கழித்துக் கேட்டவருக்கும் வேலையில் பெரிய வித்தியாசம் வந்துவிடவில்லை. வீட்டில் என்றால் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டலாம், நிறுத்திவிட்டுப் பக்கத்தில் கோட் எழுதிப் பார்க்கலாம். 480பி தரத்தில் பார்த்தால் மணித்தியாலத்துக்குச் சுமார் அரை ஜிபி டேட்டாதான் போகும்.

நேரலைக்கு ஆசைப்படுபவர்கள் நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். கலிபோர்னியாவில் கோடைகாலத்தில் காலை 10 மணிக்குத் தொடங்கும் நிகழ்ச்சி எங்களுக்கு இரவு 10.30. அதைப் பிறகு வீடியோவாகப் பார்ப்பதுதான் சரி. பிரஸ்ஸல்ஸில் பெப்ரவரித் தொடக்கத்தை ஒட்டி நடக்கும் ஃபொஸ்டெம் என்ற திறந்த மூல மென்பொருள் மாநாடு வேறு மாதிரி: சனி, ஞாயிறு, அங்கே காலை 9.30 என்றால் இங்கே பகல் 2 மணி. கட்டணமும் இல்லை, முன்பதிவும் தேவையில்லை, நேரலையும் உண்டு.

வீட்டில் பார்ப்பதில் பிழைத்துப்போகிற இடம் ஒன்றுதான். 'பிறகு பார்ப்போம்' என்று சேமித்த பட்டியல் நீண்டுகொண்டே போகும், பார்த்ததும் கைக்கு வராது. இதற்கு மருந்து கூட்டாகப் பார்ப்பது. ஐந்தாறு பேர், ஒரு புரொஜெக்டர், 40 நிமிட வீடியோ ஒன்று, பிறகு ஒரு மணித்தியாலம் அதே விடயத்தைக் கோட் எழுதிச் செய்து பார்ப்பது. வந்தாறுமூலை, ஒலுவில் கெம்பஸ் பிள்ளைகளுக்கு இதைவிட மலிவான பயிற்சி இல்லை. முதலாம், இரண்டாம் வருடத்தில் இருப்பவர் கொழும்புக்குப் போகமுன் இதைத்தான் செய்யவேணும்.

நேரில் போவதன் பெறுமதி முழுவதும் ஒரே விடயத்தில் இருக்கிறது: உங்களுடைய சிக்கலை, உங்களுடைய லப்டொப்பில், அதே சிக்கலோடு ஏற்கனவே மல்லுக்கட்டிய ஒருவர் பார்ப்பது. கொழும்பில் பெரிய நிறுவனத்தில் இருப்பவருக்கு இது பக்கத்து மேசையில் கிடைக்கும். மட்டக்களப்பில் வீட்டில் தனியே இருந்து வெளிநாட்டு வேலை செய்பவருக்கும், கல்முனையில் இரண்டு மூன்று பேரோடு சின்ன நிறுவனம் நடத்துபவருக்கும் எழுதிய கோட் சரியா என்று திருப்பிப் பார்க்க மூத்தவர் என்று ஒருவர் பெரும்பாலும் இருப்பதில்லை. ஏஐயிடம் கேட்கலாம், ஸ்டாக் ஓவர்ஃப்ளோ என்ற கேள்வி-பதில் தளத்தில் தேடலாம். ஆனால் கேள்வியே பிழை என்றால் அந்தப் பிழையான கேள்விக்குத்தான் பெரும்பாலும் பதில் வரும். அனுபவப்பட்ட ஒருவர் திரையைப் பார்த்ததும் முதலில் கேட்பது, "இதை ஏன் இப்படிச் செய்ய வெளிக்கிட்டனீங்க?" என்பதாக இருக்கும். பல நாள் வேலை மிச்சமாவது அந்தக் கேள்வியில்தான்.

ஒரு உதாரணம் பாருங்கள். தமிழ்ச் செய்தித்தளம் ஒன்றில் தேடல் பெட்டி சில சொற்களுக்கு மட்டும் சண்டித்தனம் பண்ணும். 'கொக்கட்டிச்சோலை' என்று தேடினால் பாதிக் கட்டுரைகள்தான் வரும், மிச்சம் வராது. திரையில் எல்லாம் ஒரே மாதிரித்தான் தெரியும். உள்ளே பார்த்தால், சில கட்டுரைகளில் 'கொ'வின் உயிர்க்குறி ஒற்றை யுனிகோட் குறியீடாக இருக்கும், மற்றவற்றில் முன்னுக்கு வரும் கொம்பும் பின்னுக்கு வரும் காலும் தனித்தனியாக இரண்டு குறியீடுகளாக இருக்கும். பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சிட்டதை யுனிகோட்டுக்கு மாற்றும் சில கருவிகள் இப்படிப் பிரித்துத்தான் தரும். சேமிக்கும்போதும் தேடும்போதும் சொல்லை என்எஃப்சி வடிவத்துக்கு, அதாவது பிரிந்த குறியீடுகளை ஒன்றாகச் சேர்க்கும் வடிவத்துக்கு, நோர்மலைஸ் செய்தால் சரி, ஜாவாஸ்கிரிப்டில் ஒரு வரி வேலை. டேட்டாபேஸில் ஏற்கனவே கிடக்கும் பழைய கட்டுரைகளையும் ஒருதரம் மாற்றி எழுதவேணும், இல்லாவிட்டால் புதியவை மட்டும்தான் அகப்படும். சிங்களத்திலும் இதே ஓசைக்கான உயிர்க்குறி இப்படியே இரண்டாகப் பிரியும். எஃப்எம் அபயா எழுத்துருவிலிருந்து யுனிகோட்டுக்கு மாறிய தளங்களைப் பராமரிக்கும் சிங்கள டெவலப்பர்களுக்கு இது பழகிய தலையிடி. கலிபோர்னியா உரையில் இந்தப் பேச்சு வர வழியில்லை. கொழும்பு மண்டபத்தின் பகல் சாப்பாட்டு மேசையில் வர நிறைய வாய்ப்பிருக்கிறது.

அதற்குச் சிக்கலைக் கொண்டுபோகும் விதம் முக்கியம். முழுப் புரொஜெக்டையும் திறந்து காட்டினால் ஐந்து நிமிடத்தில் எதிரே இருப்பவர் களைத்துப்போவார். சிக்கல் தெரியும் ஒரு பக்கத்தை மட்டும் தனியே பிரித்து, போலித் தரவு போட்டு, புதிய ரெப்போவாக (கோட் சேமிப்பிடமாக) வையுங்கள். ஏபிஐ சாவிகள் இருக்கும் கோப்பை எடுத்துவிடுங்கள். கிளையன்டின் வேலை என்றால் வெளியாருக்குக் காட்டலாமா என்று முதலே கேட்டுக்கொள்ளுங்கள். வேகம் பற்றிய சிக்கலா, குரோம் பிரவுசரிலேயே இருக்கும் டெவ்டூல்ஸின் பெர்ஃபோமன்ஸ் பதிவைக் கோப்பாகச் சேமித்துக் கொண்டுபோங்கள். எல்சிபி (பக்கத்தின் பெரிய பகுதி திரையில் தெரிய எடுக்கும் நேரம்) 2.5 செக்கனுக்குள், ஐஎன்பி (அழுத்தினால் பக்கம் பதில் காட்ட எடுக்கும் நேரம்) 200 மில்லிசெக்கனுக்குள் என்ற கூகுள் அளவுகோலில் உங்கள் பக்கம் எங்கே நிற்கிறது என்று எண்ணில் சொல்லத் தெரியவேணும். நெட்வேர்க் பதிவைக் கொடுப்பதானால் கவனம், குக்கியும் டோக்கனும் அதற்குள் ஏறியிருக்கக்கூடும். பக்கேஜ்களை எல்லாம் வீட்டிலேயே நிறுவி, இணையத்தை நிறுத்திவிட்டு ஓடுகிறதா என்று பாருங்கள். சில நூறு பேர் ஒரே வைஃபையில் ஏறினால் மண்டபத்தில் ஒன்றும் இறங்காது. கடைசியாக, என்ன நடக்கவேணும், என்ன நடக்கிறது, என்ன செய்து பார்த்தீர்கள் என்ற மூன்றையும் அரை நிமிடத்தில் ஆங்கிலத்தில் சொல்லிப் பழகுங்கள். இடைவேளையில் கதை சட்டென்று சிங்களத்துக்கு மாறும். கையில் தெளிவான கேள்வி இருந்தால் அது திரும்ப உங்களிடம் வரும்.

உரை முடிந்ததும் மேடையடியில் பேச்சாளரைச் சூழும் கூட்டத்தில் நிற்பது வீண். சாப்பாட்டு நேரம்தான் நல்லது. நிறுவனங்களின் மேசைகளில் முன்னுக்கு நிற்பவர் மனிதவளப் பிரிவுக்காரராக இருக்கலாம், "உங்கட ஃப்ரன்ட்எண்ட் ஆக்கள் ஆராவது வந்திருக்கினமா?" என்று கேளுங்கள். அன்றிரவே இரண்டு வரியில் நன்றி எழுதுங்கள். ஒரு கிழமைக்குள், அவர் சொன்னதைச் செய்து பார்த்ததில் என்ன மாறியது என்று எண்ணோடு எழுதுங்கள். தொடர்பை நிலைக்கவைப்பது இந்த இரண்டாவது செய்திதான், பெரும்பாலானோர் அனுப்பாமல் விடுவதும் இதைத்தான். இதனால் வேலை கிடைக்கும் என்று உறுதி சொல்லமுடியாது. முகம் தெரிந்தவரைப் பரிந்துரைப்பது எவருக்கும் இலகு என்பது மட்டும் நிச்சயம்.

செலவில் டிக்கெட்டைவிடப் பயணமும் தங்கலும்தான் கடிக்கும். சனிக்கிழமை மாநாடு என்றால் வெள்ளி காலை மட்டக்களப்பில் உதயதேவி றெயில் ஏறினால் பொழுதுபடமுன் கொழும்புக் கோட்டையில் இறங்கி, இரவு நன்றாக நித்திரை கொள்ளலாம். இரவு பஸ்ஸில் போய் விடியமுன் இறங்கி, கண் எரிய மண்டபத்தில் இருப்பதற்கு வீட்டில் பார்த்திருக்கலாம். அம்பாறை மாவட்டத்துக்கு றெயில் இல்லை. கல்முனைக்காரர் ஏறத்தாழ 40 கிலோமீற்றர் மட்டக்களப்புக்கு வந்து ஏறலாம், அக்கரைப்பற்று, பொத்துவில் ஆக்களுக்கு நேரடி பஸ்தான் வசதி. திரும்புவதை ஞாயிறு காலைக்கு வையுங்கள். இரவு வண்டியைப் பிடிக்க மாலையில் ஓடினால், ஆக்கள் ஆறுதலாக இருந்து கதைக்கும் நேரத்தைத்தான் இழப்பீர்கள். மூன்று பேராகப் போனால் அறைச் செலவும் பிக்மீ வாடகைச் செலவும் மூன்றாகப் பிரியும்.

எல்லா மாநாட்டுக்கும் இது பொருந்தாது. நிகழ்ச்சி நிரலில் கோட் எழுதுபவர்களைவிட முகாமையாளர்களும் அனுசரணையாளர்களின் கலந்துரையாடலும் கூடவா, விடுங்கள். இரண்டு கிழமைக்கு முன்னும் நிரல் வெளிவரவில்லையா, விடுங்கள். உரைகளுக்கிடையில் ஐந்து நிமிடம்தான் என்றால் ஆக்களைச் சந்திக்க இடமில்லை. பேச்சாளருக்கும் தொண்டருக்கும் பெரும்பாலும் நுழைவு இலவசம், ஐந்து நிமிட மின்னல் உரைக்கு விண்ணப்பிப்பதும் நல்ல வழி. மேலே சொன்ன தேடல் பெட்டிக் கதையே அதற்குப் போதும்.

வேர்ட்பிரஸ் என்ற தளம் கட்டும் மென்பொருளில் வேலை செய்பவர்களுக்குக் கணக்குக் கொஞ்சம் மாறலாம். அதற்கான ஆசிய மாநாடான வேர்ட்கேம்ப் ஏசியா 2023இல் பாங்கொக், 2024இல் தாய்பே, 2025இல் மணிலா என்று ஒவ்வொரு நகரமாக நடந்தது. அதில் பங்களிப்பு நாள் என்று ஒன்று உண்டு, வேர்ட்பிரஸை உருவாக்குபவர்களோடு ஒரே மேசையில் இருந்து வேலை செய்யலாம். இலங்கைத் தமிழுக்கென்று தனி மொழிப்பதிப்பு வேர்ட்பிரஸில் இருப்பதால் எங்கள் ஆக்களுக்கு அங்கே செய்ய வேலை இருக்கிறது. விமானச் செலவுக்கு அது ஈடாகுமா என்பதில் எங்களுக்கு அனுபவம் போதாது.

நேரில் போகத் தீர்மானித்தால் மாதத்தையும் பாருங்கள். கூகுள் டெவலப்பர் குழுக்களின் டெவ்ஃபெஸ்ட் வருடக் கடைசியில்தான் வரும், கிழக்கில் மழையும் அப்போதுதான் கொட்டும். டிக்கெட் வாங்கமுன் அதை இன்னொருவர் பெயருக்கு மாற்றலாமா என்று ஏற்பாட்டாளரிடம் கேளுங்கள். வெள்ளத்தில் பாதை தடைப்பட்டால் கொழும்பில் இருக்கும் எங்கள் ஊர்ப் பிள்ளை ஒன்றாவது அந்தக் கதிரையில் இருக்கட்டும், உங்கள் ரெப்போவின் லிங்கையும் கொடுத்துவிடுங்கள்.