குல்மார்க்கில் 5 சீசன்: பனி பெய்தாலும் பெய்யாவிட்டாலும்

2021 பிப்ரவரியில் முதல் தடவையாக ஸ்கீ, அதாவது பனியில் சறுக்கும் பலகை, மாட்டினேன். அதிலிருந்து 2025 வரை 5 குளிர்காலமும் காரைக்குடியிலிருந்து காஷ்மீரில் உள்ள குல்மார்க் போய் வந்திருக்கிறேன். எல்லாம் சேர்த்தால் 45 நாள் பனியில் நின்றிருப்பேன். போகலாமா, பனி இருக்குமா, செலவழித்த காசு வீணாகிவிடுமா என்று ஊரில் பலரும் கேட்கிறார்கள். தாராளமாகப் போகலாம். ஆனால் கல்யாண முகூர்த்தம் மாதிரி நாள் குறித்துக்கொண்டு போகக் கூடாது.

காஷ்மீரில் டிசம்பர் 21 தொடங்கி 40 நாள் கடுங்குளிர். அதற்கு ‘சில்லை கலான்’ என்று பேர். அந்த நாட்களில் பனி கொட்டும் என்றுதான் முதலில் நானும் நினைத்தேன். குளிர் மட்டும் இருந்தால் போதாது, ஈரமும் வர வேண்டும். மத்தியதரைக் கடல் பக்கமிருந்து கிளம்பி வரும் காற்றுச் சுழல்கள் கொண்டுவரும் ஈரம்தான் அங்கே பனியாக விழுகிறது. அவை வராமல் போனால் வானம் வாரக்கணக்கில் வெளுத்துக் கிடக்கும். 2024 ஜனவரியில் அப்படித்தான், குல்மார்க்கின் புல்வெளி பழுப்பாகவே கிடந்தது. மாதக் கடைசியில்தான் பனி வந்தது.

எங்கள் சீமை கண்மாயை நம்பிப் பிழைக்கும் சீமை. ஐப்பசி, கார்த்திகையில் வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. நான் குல்மார்க்கில் இருக்கும்போது தினம் ராத்திரி அப்பத்தா போன் பண்ணும். சாப்பிட்டாயா என்பதற்கு முன்னால், “என்னய்யா, அங்க பேஞ்சிருச்சா?” என்றுதான் கேட்கும். கண்மாய்ப் பக்கம் போய் வரும் அப்பாவிடமும் அது கேட்பது இதே கேள்விதான்.

2025 சீசனைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மற்ற 4 சீசனிலும் கற்றதைவிட அதில் கற்றது அதிகம். பிப்ரவரி 15 அன்று போய்ச் சேர்ந்தேன். அடிவாரத்து ஊரான தங்மார்க்கிலிருந்து மேலே 13 கிலோமீட்டர். பனிக்காலத்தில் சக்கரத்துக்குச் சங்கிலி கட்டிய வண்டிதான் போகும். அன்று சாதாரண டாக்ஸியே சரசரவென்று ஏறிவிட்டது. அப்போதே மனசு கனத்தது. 22ஆம் தேதி தொடங்க இருந்த கேலோ இந்தியா குளிர்காலப் போட்டிகளே பனி போதாமல் தள்ளிப்போயின. பயணம் ஏற்பாடு செய்த ஏஜெண்டிடம் தேதியை மாற்றித் தரச் சொல்லிக் கேட்டேன். முன்பணத்தில் ஒரு ரூபாய்கூடத் திரும்பாது, தேதியும் மாறாது என்று சொல்லிவிட்டார். எழுதி வாங்காதது என் தப்பு. அதற்கப்புறம், தேதி மாற்ற இடம் உண்டு என்று எழுத்தில் கொடுக்காதவரிடம் நான் முன்பணம் கட்டுவதில்லை.

சரி, வந்தாயிற்று. குல்மார்க் சுமார் 2,650 மீட்டர் உயரம். கேபிள் காரின் முதல் கட்டம் கொங்தூரியில் இறக்கிவிடும். இரண்டாம் கட்டம் அபர்வத் மலையில் 3,950 மீட்டர் வரைக்கும் போகும். கீழே புல் தெரிந்தாலும், கொங்தூரிக்கு மேலே நிழல் விழும் பக்கத்தில் பழைய பனி கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. பகல் வெயிலில் இளகி, ராத்திரி இறுகி, காலையில் தட்டினால் டங்கென்று கேட்கும் பனி. அதில் ஸ்கீயைத் தட்டையாக வைத்தால் கால் தன்னால் ஓடும். பலகையின் ஓரத்தில் இருக்கும் இரும்பு விளிம்பைச் சாய்த்துப் பனியில் பதித்தால்தான் பிடி கிடைக்கும். புதுப்பனியில் இந்தக் குறை வெளியே தெரியாது, மெத்தென்று இருப்பதால் எப்படித் திரும்பினாலும் ஓடிவிடும். என் பயிற்சியாளர் அங்கே ஒரு 30 மீட்டர்ச் சரிவிலேயே 6 நாள் என்னை ஏற்றி இறக்கினார். “ஆராம் சே, ஆராம் சே” (மெதுவாக, மெதுவாக) என்பதைத் தவிர அதிகம் பேச மாட்டார். மூன்றாவது நாள் காலை, சரிவின் கீழ்ப்பக்கத்துக் காலில் இருந்த ஸ்கீயின் விளிம்பு ‘சர்ர்ர்’ என்று ஒரே சீராகக் கீறிக்கொண்டு போன சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் பனியில் பென்சிலால் இழுத்த மாதிரி மெல்லிசாக ஒரு வளைவு. நாலு வருசமாக எனக்கு வராத திருப்பம் அது.

நான் திருச்சியில் வந்து இறங்கிய சில நாளில் அங்கே பனி கொட்டியது. தள்ளிப்போன போட்டிகள் மார்ச் 9 முதல் 12 வரை நடந்தன. வருத்தம்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். அதனால் என் யோசனை: 4 நாள் போவதானால் போகவே வேண்டாம். 10 நாளாவது ஒதுக்குங்கள், ஜனவரியை விட்டுவிட்டு பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் முதல் வாரத்துக்குள் வையுங்கள்.

நாளெல்லாம் காத்திருந்து பனி கொட்டியதும் ஓடிப் போய் மேலே ஏறுவதுதான் ஆபத்து. மழையில்லாத கண்மாயில் திடீரென்று வெள்ளம் வந்தால் கரை தாங்காதல்லவா, அந்த மாதிரி. வெகுநாள் வெயிலும் குளிருமாகக் கிடந்த பழைய பனி, உள்ளே ஒட்டாத சீனி மாதிரி ஆகிவிடும். அதன்மேல் ஒரே நாளில் 2, 3 அடி புதுப்பனி உட்கார்ந்தால் பாரம் தாங்காமல் மொத்தமாகச் சரியும். 2024 பிப்ரவரி 22 அன்று அங்கே பனிச்சரிவில் சிக்கி ரஷ்யாவிலிருந்து வந்த ஒருவர் இறந்துபோனார். பனிச்சறுக்குக் காவல் குழு எல்லை போட்டிருக்கும் இடத்துக்கு வெளியே, கூட விவரம் தெரிந்தவர் இல்லாமல், நான் ஒரு அடி வைப்பதில்லை. கேபிள் காரின் மேல் கட்டம் மூடியிருந்தால் ரூமில் உட்கார்ந்து நூன் சாய், அதாவது காஷ்மீரத்து உப்பு டீ, குடிப்பேன்.

சாமான் விஷயம். ஸ்கீ சொந்தமாக வாங்க வேண்டாம், வாடகைக்கு எடுங்கள். பனி குறைவான வருசத்தில் கல் தட்டி அடிப்பலகை கீறிப்போகும். பூட்ஸை மட்டும் சொந்தமாக வாங்குங்கள். வாடகைப் பூட்ஸில் குதிகால் தூக்கிக்கொண்டால் எந்தத் திருப்பமும் வராது. நம்ம ஊரில் அதைக் காப்பாற்றுவதுதான் பெரிய பாடு. என் ஜாக்கெட்டை முதலில் மாடி பீரோவில் அந்துருண்டை போட்டுப் பூட்டி வைத்தேன். மூன்றாவது வருசம் எடுத்துப் பார்த்தால் உள்பக்கத்து நீர்புகாப் பூச்சு வேப்பமரப் பட்டை மாதிரி உரிந்து வந்தது. சித்திரை வெயிலும் புழுக்கமும் அதைத் தின்றுவிட்டன. இப்போது எல்லாம் கீழ்க்கட்டில், தடித்த சுண்ணாம்புச் சுவர் உள்ள அறையில், காற்றுப் போகும்படி தொங்குகிறது. பூட்ஸின் உள்ளுறையைத் தனியாகக் கழற்றிக் காயவைக்கிறேன். சறுக்கும்போது மாட்டும் கண்ணாடியின் உள்பக்கத்தை விரலால் துடைக்கவே கூடாது, புகை படியாமல் தடுக்கும் பூச்சு போய்விடும்.

சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம், அங்கேயும் சோறுதான். நான் சீப்புச் சீடையும் மாவுருண்டையும் கொண்டு போவேன். குளிரில் நெய் உறைந்து மாவுருண்டை கல்லாகிவிடும். கேபிள் காரில் ஏறியதும் ஒன்றை வாயில் அடக்கிக்கொண்டால் மேலே போய் இறங்கும்வரை கரையும். பயிற்சியாளருக்குச் சீடை பிடித்துவிட்டது, இப்போது அவருக்கென்றே ஒரு டப்பா.

வரும் சீசனுக்கு மச்சானும் வருகிறேன் என்கிறான். பூட்ஸ் அளவு பாத நீளத்தை வைத்துத்தான், சென்டிமீட்டரில். நேற்று வளவில் ஆத்தங்குடிக் கல்லின் மேல் அவனை நிற்கவைத்து, குதிகாலைச் சுவரில் ஒட்டச் சொல்லி, கட்டை விரல் நுனியில் சாக்பீஸால் கோடு போட்டோம். 26.5 வந்தது. அப்பத்தா தூணில் சாய்ந்துகொண்டு, இன்னொரு காலையும் அளந்து பாருங்கள் என்றது. அளந்தோம். அது 27.